கியர்பாக்ஸைப் பிரிக்கச் சொல்லி வந்த மாருதி 800

வண்டி 1998 மாடல் மாருதி 800. கார்புரேட்டர் வைத்த மூன்று சிலிண்டர் என்ஜின், 796 சி.சி., முன்னால் போக நான்கு கியர். திண்டுக்கல்லில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. வாங்கியதிலிருந்து அவர் ஒருவர் கையில்தான் இருக்கிறது. தாண்டிக்குடிப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. வத்தலக்குண்டு வழியாக அடிக்கடி ஏறி இறங்குவார். அதனால் ஊருக்குள் மட்டும் ஓடும் 800களைவிட இந்த வண்டி இரண்டாவது கியரில் நிறைய உழைத்திருக்கிறது. பெயிண்ட் மங்கிவிட்டது, ஆனால் அடியில் துரு இல்லை, என்ஜின் சத்தமும் சுத்தம்.

என் பட்டறைக்கு வண்டி வந்தபோது தீர்ப்பும் கூடவே வந்தது. "கியர்பாக்ஸ் போயிடுச்சாம் தம்பி, பிரிக்கணும்கிறாங்க" என்றார். முன்பு பார்த்த பட்டறையில் கொடுத்த எஸ்டிமேட் காகிதம் சட்டைப்பையில் இருந்தது. வண்டியை விற்றால் வரும் தொகையில் பாதிக்கு மேல் அதில் எழுதியிருந்தது.

புகார்கள் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடந்தன. மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கினால் 'கர்ர்' என்று கத்துகிறது. இது ரொம்ப நாளாக இருக்கும் தொல்லை. மலை இறங்கும்போது இரண்டாவது கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. இது அதற்கப்புறம் வந்தது. நின்ற இடத்தில் முதல் கியர் விழ மாட்டேன் என்கிறது, ரிவர்ஸ் போட்டால் அரைக்கிற சத்தம். இவை இரண்டும் புதுசு. எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு, "கிளட்ச் செட் மாத்தின பிறகுதான்" என்றார். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கேபிள் எல்லாம் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். போட்ட பிறகும் இரண்டாவது கியர் கத்துவது நிற்கவில்லை. கூடவே முதல் கியரும் ரிவர்ஸும் தகராறு செய்ய ஆரம்பித்திருக்கின்றன. "அப்ப பாக்ஸ்லதான் கோளாறு" என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

எனக்கு அந்தக் கணக்கு இடித்தது. ரிப்பேருக்கு மறுநாள் முளைத்த கோளாறை முதலில் அந்த ரிப்பேரில்தான் தேட வேண்டும். இருபத்தைந்து வருடம் சும்மா இருந்த முதல் கியர், கிளட்ச் மாற்றிய வாரத்தில் உள்ளுக்குள் தேய்ந்து போகாது.

கியர் சரியாக விழவில்லை என்றால் ஓட்டுகிறவருக்கு எல்லாமே உள்ளங்கையில்தான் தெரியும். அதனால் கோளாறு கியர்பாக்ஸில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் கியர் விழ இரண்டு வழி ஒழுங்காக இருக்க வேண்டும். ஒன்று காலிலிருந்து போவது, மிதித்ததும் என்ஜினை பாக்ஸிலிருந்து பிரித்துவிடுவது: பெடல், கேபிள், பாக்ஸுக்கு வெளியே இருக்கும் ரிலீஸ் ஆர்ம், அது திருப்பும் ஷாஃப்ட், ரிலீஸ் பேரிங், பிரஷர் பிளேட். இன்னொன்று கையிலிருந்து போவது: லீவர், அடியில் ஓடும் ராடு, அதன் மூட்டுகளில் இருக்கும் சின்ன வளையங்களான புஷ்கள், பாக்ஸுக்குள் இருக்கும் ஃபோர்க், அது நகர்த்தும் ஸ்லீவ், கியர் கோப்பதற்கு முன் வேகத்தைச் சமமாக்கும் சிங்க்ரோ ரிங். இந்த நீண்ட பட்டியலில் பாக்ஸைப் பிரித்தால் மட்டுமே தெரிகிறவை கடைசி மூன்றுதான். மற்றதெல்லாம் வெளியிலிருந்தோ பாக்ஸை இறக்கியோ பார்த்துவிடலாம். பாக்ஸை இறக்குவது வேறு, பிரிப்பது வேறு. முதலாவது ஒரு நாள் வேலை. இரண்டாவது, அதுவும் 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றுபோன ஒரு வண்டிக்கு, எந்தப் பாகம் எந்தக் கடையில் கிடைக்கும் என்ற அலைச்சலையும் சேர்த்தது.

முதலில் என்ஜினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்து எல்லாக் கியரையும் போட்டுப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ரிவர்ஸ், ஐந்தும் மறுப்பில்லாமல் விழுந்தன. லீவர் மட்டும் கூழுக்குள் விட்ட அகப்பை போல எல்லாப் பக்கமும் ஆடியது. ஆட்டம் இருந்தாலும் கியர் விழுகிறது. அப்படியென்றால் முதல் கியரையும் ரிவர்ஸையும் தடுக்கும் காரணம் ராடிலோ ஃபோர்க்கிலோ இல்லை. இருந்தால் என்ஜின் நின்றிருக்கும்போதும் அது தடுத்திருக்கும்.

அடுத்து என்ஜினை ஓடவிட்டு அதே சோதனை. முதல் கியர் ஒரு முட்டு முட்டிவிட்டுத்தான் உள்ளே போனது. ரிவர்ஸ் கத்தியது. ரிவர்ஸ் கத்துவதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. இந்த வண்டியில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. ஒரு சின்னப் பல்சக்கரம் நகர்ந்து வந்து நேராகக் கோத்துக்கொள்ளும். கிளட்சை மிதித்த பிறகும் என்ஜினின் சுழற்சியை பாக்ஸுக்குள் கொண்டுவரும் இன்புட் ஷாஃப்ட் தன் வேகத்தில் கொஞ்ச நேரம் சுற்றும். அது நிற்பதற்குள் ரிவர்ஸைப் போட்டால் நல்ல வண்டியும் கத்தும். அதனால் மிதித்த காலை எடுக்காமல் நாலைந்து விநாடி காத்திருந்து போட வேண்டும். காத்திருந்தால் சத்தம் இல்லை என்றால் அது கோளாறே இல்லை, அவசரம். காத்திருந்தும் கத்தினால், ஷாஃப்டை யாரோ இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். இந்த வண்டி எவ்வளவு காத்திருந்தாலும் கத்தியது.

சார் ஒரு வித்தை வைத்திருந்தார். ரிவர்ஸ் போடும் முன் லீவரை ஒரு முறை நான்காவதில் தொட்டுவிட்டு வருவார். பழைய டிரைவர்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு, அதில் தப்பில்லை. நான்காவதின் சிங்க்ரோ அந்த ஷாஃப்டைப் பிடித்து நிறுத்திவிடும். ஆனால் கிளட்ச் ஒட்டிக்கொண்டிருந்தால், நிறுத்திய மறு நொடியே ஷாஃப்ட் மறுபடி சுற்ற ஆரம்பிக்கும். "முன்னெல்லாம் அப்படிப் பண்ணா சத்தமே வராது, இப்ப அதுவும் கேக்க மாட்டேங்குது" என்று அவரே சொன்னார். எனக்கு அது பாதி வேலையை முடித்துக் கொடுத்த மாதிரி.

மூன்றாவது சோதனை சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. சமதளத்தில் நிறுத்தி, கிளட்சை அடிவரை மிதித்து, முதல் கியரைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கையும் கால் பிரேக்கையும் விட்டு, லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்தேன். வண்டி எறும்பு வேகத்தில் முன்னால் நகர்ந்தது. காலை முழுவதும் மிதித்திருக்கும்போது வண்டி நகரவே கூடாது. கிளட்ச் முழுசாக ரிலீஸ் ஆகவில்லை, விஷயம் முடிந்தது. இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள் முன்னால் சுவரோ ஆளோ இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

அப்புறம் கீழே குனிந்து பார்த்தேன். டிரைவர் பக்கம் கம்பெனி ரப்பர் மேட், அதன்மேல் ஒரு தடித்த தென்னைநார் மேட். பெடல் அந்த மேட்டில் போய் முட்டி நிற்கிறது. நார் மேட்டை உருவி எறிந்ததும் பெடலுக்கு ஒரு விரல்கடை தூரம் கூடுதலாகக் கிடைத்தது, முதல் கியரின் முட்டல் பாதி குறைந்தது. காசில்லாத ரிப்பேர். முதலில் மேட்டைப் பார்க்காமல் கிளட்ச் செட் மாற்றிய வண்டிகள் எத்தனையோ இருக்கும் என்று நினைக்கிறேன்.

பாதி குறைந்தது, தீரவில்லை. பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தால், எதிர்ப்பு தொடங்குவதற்கு முன் காலியாகப் போகும் தூரம் அளவுக்கு மிஞ்சி இருந்தது. இந்த மாதிரி கேபிள் கிளட்சுக்கு அந்தக் காலி ஓட்டம் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் இருந்தால் சரி. இதில் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அவ்வளவும் வீண்; அந்தத் தூரத்துக்குக் கால் மட்டும் போகிறது, பிரஷர் பிளேட் அசைவதில்லை. சரி, கேபிள் நட்டைத் திருகிக் குறைத்துவிடலாம் என்று பானெட்டைத் திறந்தால், நட் மரையின் கடைசியில் நிற்கிறது. இதற்குமேல் திருக இடமில்லை.

பழைய கேபிள் நீண்டுபோய் நட் கடைசிக்கு வருவது சகஜம். புதுக் கேபிளில் அப்படி வரக் கூடாது. கேபிள் சரியான நீளம்தானா என்று கடையிலிருந்து இன்னொன்று வாங்கிவந்து ஒப்பிட்டேன், ஒரே நீளம். மிச்சம் இருந்தது ரிலீஸ் ஆர்ம். பாக்ஸுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஷாஃப்டில் பல் பல்லாக வெட்டியிருக்கும், அதில் இந்த ஆர்ம் செருகி ஒரு போல்டால் இறுக்கப்படும். எந்தப் பல்லில் வேண்டுமானாலும் செருகலாம் என்பதுதான் ஆபத்து. அதற்காகவே ஆர்மிலும் ஷாஃப்டிலும் ஒரு புள்ளி குத்தி வைத்திருப்பார்கள். இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். கிரீஸையும் மண்ணையும் பெட்ரோல் துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்தேன். ஆர்மின் புள்ளி ஷாஃப்டின் புள்ளியைத் தாண்டி ஒரு பல் தள்ளி நின்றது, அதுவும் கேபிள் இழுக்கும் பக்கமாக. பேரிங் மாற்றக் கழற்றியவர்கள் திரும்பப் போடும்போது புள்ளியைப் பார்க்கவில்லை. ஆர்ம் ஒரு பல் கேபிளை நோக்கி வந்துவிட்டதால் கேபிள் தொளதொளத்துவிட்டது. அந்தத் தொளதொளப்பை நட்டால் இழுத்துப் பார்த்திருக்கிறார்கள், மரை முடிந்துவிட்டது, கியர்பாக்ஸ் மேல் பழி விழுந்துவிட்டது.

போல்டைத் தளர்த்தி, ஆர்மை உருவி, புள்ளியோடு புள்ளி சேர்த்து இறுக்கினேன். நட் மரையின் நடுப்பகுதிக்கு வந்தது, காலி ஓட்டமும் அளவுக்கு வந்தது. மறுபடி நகரும் சோதனை செய்தபோது வண்டி நின்ற இடத்தில் நின்றது. முதல் கியர் இரண்டு விரலால் விழுந்தது.

இங்கேயே வண்டியைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். சாரும் சந்தோஷமாகத்தான் இருந்தார். ஆனால் பெடல் இன்னும் கனமாக இருந்தது, மிதிக்கும்போது 'கிறீச்' என்றது, ரிவர்ஸ் பத்தில் ஒரு தடவையாவது முனகியது. பையனைப் பெடல் மிதிக்கச் சொல்லிவிட்டு நான் ஆர்மையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேபிள் இழுத்ததும் ஷாஃப்ட் உடனே திரும்பவில்லை. முதலில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அப்புறம்தான் திரும்பியது. ஷாஃப்டின் இரு முனையையும் தாங்கும் புஷ்கள் தேய்ந்திருக்கின்றன என்று அர்த்தம். சாயும் தூரம் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருந்தது. மலைப்பாதையில் கிளட்ச் எத்தனை முறை மிதிபடும் என்று யோசித்தால் இதில் வியப்பில்லை. இந்தப் புஷ்களுக்கு பாக்ஸை இறக்க வேண்டும். அதைத்தான் முன்பு ஒரு தடவை இறக்கியிருக்கிறார்கள்; கிளட்ச் செட்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் சில நூறு ரூபாய் புஷ்ஷை விட்டுவிட்டார்கள். சாரிடம் சொன்னேன். "எறக்குறது சரி, பிரிக்க மாட்டீங்களே?" என்று உறுதி வாங்கிக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

இறக்கிப் பார்த்ததில் புஷ்கள் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தன. இன்னொன்றும் தெரிந்தது. இன்புட் ஷாஃப்டின் பள்ளங்களில், கிளட்ச் பிளேட் முன்னும் பின்னும் வழுக்கிப் போக வேண்டிய இடத்தில், செம்பழுப்புத் துருப்பொடி படிந்திருந்தது. பிளேட்டைக் கையில் பிடித்து ஷாஃப்டில் செருகினால் சிக்கிச் சிக்கிப் போனது. பிரஷர் பிளேட் விட்டுக் கொடுத்தாலும் பிளேட் என்ஜின் பக்கத்துச் சக்கரமான ஃப்ளைவீலை விட்டு நகராமல் உரசிக்கொண்டிருக்க இது போதும். ரிவர்ஸ் அவ்வப்போது முனகியதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். பிரஷ் போட்டுத் துடைத்து, கிரீஸை விரல் நுனியில் தொட்டுப் பூசி, பிளேட் தாராளமாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டேன். கிரீஸ் அதிகமானால் அது சுழற்சியில் தெறித்துப் பிளேட்டில் படும், அப்புறம் கிளட்ச் ஸ்லிப் ஆகும். ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் சின்ன பேரிங் வழவழவென்று சுற்றியது. அது இறுகிப் போனாலும் கிளட்ச் ஒட்டுவதைப் போலவே ஏமாற்றும். முன்பு போட்ட கிளட்ச் செட் நல்ல சரக்குதான், திசையும் சரியாக இருந்தது. அதை மாற்றவில்லை.

பாக்ஸ் மேஜைமேல் இருக்கும்போது செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வெளியே நீளும் செலக்டர் ஷாஃப்டைக் கையாலேயே இழுத்து, திருப்பி, ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்ப்பது. லீவரும் ராடும் இல்லாததால் பாக்ஸின் சொந்தக் குணம் அப்போது மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு கியருக்கும் 'டக்' என்று விழுந்து நின்றது. நழுவுவதாகச் சொன்ன இரண்டாவதும் அப்படியே. திரும்ப எடுக்கக் கொஞ்சம் பலம் தேவைப்பட்டது. உள்ளே கியரைப் பிடித்து வைக்கும் குண்டும் ஸ்பிரிங்கும் நன்றாகத்தான் இருக்கின்றன. அப்படியென்றால் மலையிறக்கத்தில் கியரை யார் வெளியே தள்ளுகிறார்கள்?

இந்தக் கேள்விக்கான பதில் வண்டிக்கு அடியில், வெயிலும் சேறும் படும் இடத்தில் இருந்தது. 800 போன்ற முன்சக்கர வண்டிகளில் என்ஜினும் பாக்ஸும் குறுக்காக, ரப்பர் மவுண்டிங்குகளின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் மொத்தமும் ஒரு பக்கம் சாயும், விட்டால் மறுபக்கம். லீவரோ பாடியோடு இருக்கிறது. இரண்டையும் ஒரே ஒரு ராடு இணைத்தால், என்ஜின் ஒவ்வொரு முறை சாயும்போதும் ராடு கியரை இழுக்கும். அதைத் தடுக்கத்தான் ஷிஃப்ட் ராடுக்குப் பக்கத்தில் எக்ஸ்டென்ஷன் ராடு என்று இன்னொன்று ஓடுகிறது. அது லீவரின் அடிப்பகுதியைப் பாக்ஸோடு பிணைத்து, என்ஜின் சாய்ந்தால் லீவரும் கூடவே சாயும்படி வைத்திருக்கும். இந்த வண்டியில் எக்ஸ்டென்ஷன் ராடின் ரப்பர் விரலால் தொட்டாலே உதிர்ந்தது. ஷிஃப்ட் ராடு மூட்டின் புஷ்ஷில் பாதியைக் காணோம். என்ஜின் மவுண்டிங்குகளில் ஒன்றில் ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்து, வெடிப்புக்குள் பேனா முனை போகும் அளவுக்கு இடைவெளி.

இதை இறக்காமலேயே கண்டுபிடிக்கலாம். இரண்டாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று கொடுத்துச் சட்டென்று விடுங்கள்; கை வைக்காமல் லீவரை மட்டும் பாருங்கள். துளி அசைவு இருக்கும், அது இயல்பு. இந்த வண்டி வந்த அன்றைக்கு லீவர் உள்ளங்கை அகலத்துக்கு முன்னும் பின்னும் போய் வந்தது. மலையிறக்கத்தில் கால் ஆக்ஸிலேட்டரை விட்டதும் என்ஜின் மறுபக்கம் சாய்கிறது, தேய்ந்த புஷ்ஷால் ஏற்கெனவே முழுசாகக் கோக்காமல் இருக்கும் இரண்டாவது கியரை ராடு இழுக்கிறது, கியர் கழன்றுவிடுகிறது. என்ஜின் பிரேக்கிங்கை நம்பி இறங்குகிறவருக்கு அந்த நொடியில் என்ன ஆகும் என்று மலைப்பாதையில் ஓட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு புகாரில் அவசரமானது இதுதான் என்பது என் எண்ணம். சத்தம் எரிச்சல், இது ஆபத்து. புஷ் கிட், ரப்பர், ஒரு மவுண்டிங் எல்லாம் புதிதாகப் போட்டாயிற்று.

ஆயில் ஒரு தனிக் கதை. முன் ஆக்சில்களை உருவியதும் பாக்ஸ் ஆயிலை வடிக்க வேண்டும். வடித்ததில் கந்தக வாடை மூக்கைத் துளைத்தது. கெட்டியான இ.பி. 90 ஹைப்பாய்ட் ஆயில், கியர் ஆயில் தர வகையில் ஜி.எல்.5. எங்கள் பக்கம் கடையில் போய் "கியர் ஆயில் கொடுங்க" என்றால் பெரும்பாலும் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். லாரி பின் ஆக்சிலுக்கும் ஜீப் டிஃபரன்ஷியலுக்கும் அது அருமையான ஆயில். அங்கே ஹைப்பாய்ட் பல்சக்கரங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி அரைக்கும். அந்த அழுத்தத்தைத் தாங்கக் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்த்திருப்பார்கள். "இந்த பாக்ஸுக்குள்ளேயும் டிஃபரன்ஷியல் இருக்கே, அப்ப அதே ஆயில்தானே?" என்று மெக்கானிக்குகளே கேட்பதுண்டு. இருக்கிறது, ஆனால் குறுக்கு என்ஜின் வண்டியில் ஹைப்பாய்ட் பற்கள் கிடையாது, சாய்வாக வெட்டிய சாதாரண ஹெலிகல் பற்கள்தான். அதற்கு ஜி.எல்.4 தாராளமாகப் போதும், கையேடும் அதைத்தான் சொல்கிறது.

ஜி.எல்.5 ஏன் கூடாது என்பதற்கு சிங்க்ரோ ரிங்கைப் பார்க்க வேண்டும். அது பித்தளையில் செய்த ஒரு கூம்பு வளையம், உட்பக்கம் மயிரிழை போன்ற வரிகள். கியரின் கூம்பில் அது உரசும்போது அந்த வரிகள் ஆயில் படலத்தை அறுத்து, கியரைப் பிடித்து, இரு பக்க வேகத்தையும் சமமாக்கும். வேகம் சமமான பிறகுதான் ஸ்லீவ் தாண்டிப் போய்ப் பற்களில் கோக்கும். உரசல்தான் அதற்குச் சோறு. அதிக வழுக்கல் கொண்ட ஆயிலை ஊற்றினால் ரிங் பிடிக்காமல் வழுக்கும், வேகம் சமமாகும் முன்பே ஸ்லீவ் பற்களில் மோதும், 'கர்ர்' வரும். கெட்டி ஆயில் காலைக் குளிரில் இன்னும் மோசம். பித்தளையைக் கந்தகம் மெல்ல அரிக்கும் என்ற பேச்சும் உண்டு. இப்போது வரும் சில ஜி.எல்.5 ஆயில்களில் அதைச் சரிசெய்துவிட்டதாகச் சொல்கிறார்கள். வழுக்கல் பிரச்சினை அப்போதும் இருக்கத்தான் செய்யும்.

வடித்த ஆயிலை ஒரு வெள்ளை வேட்டித் துணியில் ஊற்றி வெயிலில் காட்டினேன். பொன் நிறத்தில் பொடிப்பொடியாக மினுமினுத்தது. காந்தத்தைக் காட்டினால் அது நகரவில்லை; பித்தளை. சிங்க்ரோ ரிங் தேய்ந்த பொடி. காந்தத்தில் ஒட்டியது சாம்பல் நிறக் குழம்பு மட்டும், அது எந்தப் பழைய பாக்ஸிலும் இருக்கும். துண்டாக, சிம்பாக இரும்பு எதுவும் இல்லை. பற்கள் உடையவில்லை, பேரிங் சிதையவில்லை. பாக்ஸைத் திறக்காமலே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லும் சாட்சி இதைவிட வேறு கிடையாது. அதைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஆராய்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் புரிவதில்லை.

எல்லாம் பூட்டி, ஜி.எல்.4 ஆயில் ஊற்றி, சிறுமலைப் பாதையில் சாரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏற்றத்தில் முதல் கியர், இரண்டாவது கியர் மாறி மாறி விழுந்தன. இறக்கத்தில் இரண்டாவதில் வைத்து, வேண்டுமென்றே காலை வைத்து வைத்து எடுக்கச் சொன்னேன். கியர் அசையவில்லை. லீவரைப் பார்த்துவிட்டு, "புது வண்டி வாங்கினப்ப இப்படித்தான் இருந்துச்சு" என்றார். அவர் கணக்கில் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆனால் முடியவில்லை. மூன்றாவதில் நாற்பது வேகத்துக்கு மேல் போய்க்கொண்டிருக்கும்போது இரண்டாவதுக்குச் சட்டென்று இறக்கினால் இன்னும் சத்தம் வந்தது. முன்பைவிட வெகுவாகக் குறைவு, வண்டி சூடான பிறகு இன்னும் குறைவு, இருந்தாலும் உண்டு. இரண்டாவது கியர் முதலில் சாவதற்குக் காரணம் இருக்கிறது. மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு வரும்போது கிளட்ச் பிளேட்டும் இன்புட் ஷாஃப்டும் ஒரே நொடியில் ஒன்றரை மடங்குக்கு மேல் வேகமெடுக்க வேண்டும். நிமிடத்துக்கு 2,000 சுற்றில் இருந்தால் ஏறக்குறைய 3,200க்கு. அத்தனை வேலையையும் அந்த ஒரு பித்தளை வளையம்தான் செய்கிறது. மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் அதே வேலை.

ரிங்தானா என்று உறுதி செய்ய டபுள் கிளட்ச் அடித்துப் பார்த்தேன். கிளட்சை மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஒரு சின்ன ஆக்ஸிலேட்டர், மறுபடி மிதித்து இரண்டாவது. வேகத்தை நாமே சமமாக்கிவிடுவதால் ரிங்குக்கு வேலை இல்லை. சத்தமே வரவில்லை. கிளட்ச் ஒட்டியிருந்தாலோ ஃபோர்க் வளைந்திருந்தாலோ இவ்வளவு அமைதியாக விழுந்திருக்காது. இரண்டாவது கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். முந்தைய பட்டறை சொன்னதில் இந்த ஒன்று மட்டும் உண்மை. சிங்க்ரோ என்பதே 1928இல் காடிலாக் காரில் வந்த சமாச்சாரம். அம்பாசடரின் முதல் கியருக்கு சிங்க்ரோ இல்லாமலேயே பல வருடம் ஓட்டியிருக்கிறார்கள். பழைய லாரி டிரைவர்களைக் கேட்டால் டபுள் கிளட்ச் அடிப்பதை ஒரு விஷயமாகவே சொல்ல மாட்டார்கள்.

இப்போது பாக்ஸைப் பிரிப்பதா? சாரும் நானும் டீ குடித்துக்கொண்டே பேசினோம். பிரித்தால் இரண்டாவதின் ரிங்கோடு நிற்காது. ஸ்லீவின் பற்கள், கியரின் கூம்பு, ஓரிரண்டு பேரிங், ஆயில் சீல் எல்லாம் கேள்விக்குள் வரும். ரிங்கை மட்டும் புதிதாகப் போட்டுத் தேய்ந்த கூம்போடு உரச விட்டால் வேலை நீடிக்காது. "சென்னை புதுப்பேட்டையில இல்லன்னா கோயம்புத்தூர் உக்கடத்துல ஒரு செகண்ட் ஹேண்ட் பாக்ஸ் எடுத்துப் போட்டா என்ன?" என்று கேட்டார். கிடைக்கும், விலையும் பரவாயில்லை. ஆனால் அந்த பாக்ஸ் எத்தனை மலை ஏறியது, எந்த ஆயிலில் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. தன் கையில் இருக்கும் பாக்ஸில் ஒரே ஒரு ரிங்தான் தேய்ந்திருக்கிறது என்று தெரிந்தவர், ஒன்றும் தெரியாத பாக்ஸை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதையே சொன்னேன்.

அதனால் பிரிக்கவில்லை. இரண்டாவதுக்கு இறக்கும்போது கொஞ்சம் வேகம் குறையவிட்டு இறக்குங்கள், அவசரமாக இறக்க வேண்டி வந்தால் டபுள் கிளட்ச் என்று சொல்லி, பட்டறைக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் பழக்கிவிட்டேன். எழுபதைத் தாண்டியவர், அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார்.

எப்போது பிரிக்க வேண்டியிருக்கும் என்பதையும் பேசி வைத்திருக்கிறோம். முதலிலிருந்து இரண்டாவதுக்கு ஏற்றும்போதே, அதுவும் வண்டி சூடான பிறகு, சத்தம் வந்தால். ராடும் மவுண்டிங்கும் நன்றாக இருக்கும்போதே இரண்டாவது நழுவினால். அடுத்த முறை ஆயிலை வடிக்கும்போது துணியில் காந்தத்தில் ஒட்டுகிற சிம்புகள் கிடந்தால். இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் போதும். அதுவரைக்கும் இரண்டாவது கியரின் ரிங், ஸ்லீவ் செட் ஒன்று கடையில் பழைய ஸ்டாக்கில் கண்ணில் பட்டால் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறார். பணம் முன்கூட்டியே கொடுத்துவிட்டார்.